மாக்கஸுக்கு ஒரு பூசை

டோர்செட் பார்க், ரொறன்ரோ
பெப்ரவரி 9

அன்புள்ள அண்ணைக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நடமாடுகிறோம். யோசப்புக்குத் தோள்மூட்டு வலி கொஞ்சம் தணிந்திருக்கிறது. என் நிறை குறைய வேண்டும் என்று டொக்டர் சொல்லி ஒரு வருடமாகிறது; இதுவரை குறைந்தது அவருடைய பொறுமைதான். உங்களுக்கும் றெபேக்கா மச்சாளுக்கும் சுகம் கேட்டு இதை எழுதுகிறேன்.

கையில் போனை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறாயே என்று யோசப் சிரிக்கிறார். "மாக்கஸின்ரை கதையைப் போனிலை எடுக்காதை. கப்பல் எங்கை நிக்குதெண்டு வாய் தவறியும் கேக்காதை, சொல்லக்கூடாதெண்டு அவனுக்குக் கட்டளை" என்று நீங்கள் சொன்ன நாளில் இருந்து நாங்கள் போனில் பேசுவதெல்லாம் பனியும் தடிமன் காய்ச்சலும்தான். அதைவிட எழுதலாம். ஒரே ஏரிக்கு இந்தக் கரையில் நான், அந்தக் கரையில் நீங்கள். கடிதம் வந்து சேரப் பத்து நாள், இரண்டு கிழமை ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். மகள் நிரோஷினிக்குக் கலியாணம் முற்றாகிவிட்டது. ஜூன் இருபத்தேழு, சனிக்கிழமை. பெடியன் நல்லவன். ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கித் தாயோடு இருக்கிறான். தாயின் பெயர் பேர்ணடெற். எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் முன்வரிசை. கண்டிப்பான மனுசி, ஆனால் கொடுத்தால் கை நிறையக் கொடுக்கிற மனுசி.

நிரோஷினிக்கு ஞானத் தகப்பன் நீங்கள். பீடத்துக்கு முன்னால் வந்து கலியாணப் பதிவில் எங்கள் பக்கச் சாட்சியாக நீங்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டாள். ஆறு மாதக் குழந்தையாக உங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் சோற்றில் தேறி, உங்கள் காரிலேயே எல்லைப் பாலத்தடிக்கு வந்து கனடாவுக்குள் நுழைந்தவள். அந்தக் கடனை அவள் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

உங்கள் நாடு சண்டையைத் தொடங்கிய நாளில் இருந்து உங்கள் வீட்டை நினைக்காமல் நான் படுத்ததில்லை. கனடா இதில் சேராது என்று அறிவித்ததும் இங்கே எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். எனக்குப் பாதி மூச்சுத்தான் வந்தது. மற்றப் பாதி உங்கள் பிள்ளை மாக்கஸோடு போர்க்கப்பலில் நிற்கிறது.

உங்கள் அன்புத் தங்கச்சி
அருள்மலர்

*

ரொச்செஸ்ரர், நியூயோர்க்
பெப்ரவரி 26

என் அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை வாசித்து றெபேக்கா கண்ணைத் துடைத்தாள். துடைத்த கையோடு எந்தச் சேலை உடுப்பது என்று அலுமாரியைத் திறந்துவிட்டாள். அவள் சுகத்தை இதிலிருந்தே அறிந்துகொள். எனக்குச் சீனி வருத்தம் கட்டுக்குள் இருக்கிறது. யோசப் மச்சானின் தோள்மூட்டுக்கு நல்லெண்ணெய் போட்டுப் பார்க்கச் சொல்.

கலியாணத்துக்கு வருகிறோம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நிரோஷினி என் நெஞ்சில் படுத்துத் தூங்கிய பிள்ளை. கையெழுத்துக்கு நல்ல பேனா ஒன்று வாங்கி வைத்துவிட்டேன்.

மாக்கஸ் கிழமைக்கு ஒருமுறை இரண்டு வரி அனுப்புகிறான். கப்பல் என்ன செய்கிறது என்று அவன் சொல்வதில்லை, நான் கேட்பதும் இல்லை. செய்தியில் வானம் எரிவதைக் காட்டினால் றெபேக்கா சத்தத்தைக் குறைத்துவிடுவாள். இந்தச் சண்டை எனக்குப் பிடிக்கவில்லை, தங்கச்சி. ஆனால் அவன் சண்டைக்கென்று சேரவில்லை. "அப்பா, இந்த நாடு உங்களுக்கு இடம் தந்தது. எங்கடை வீட்டிலை ஆராவது ஒராள் அதுக்கு நன்றி செய்யத்தானே வேணும்" என்று சொல்லிச் சேர்ந்தவன். நன்றி மறக்காதே என்று சொல்லி வளர்த்தவன் நான்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. அங்கே சனம் எங்களைப் பற்றி என்ன சொல்கிறது? இங்கே தொலைக்காட்சியில் கனடாக்காரருக்கு எங்களோடு சரியான கோபம் என்கிறார்கள். நியூயோர்க் இலக்கத்தகட்டோடு கார் கொண்டு வந்தால் யாரும் கீறிவிட மாட்டார்களே?

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்
யேசுரட்ணம்

*

டோர்செட் பார்க்
மார்ச் 14

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். நல்லெண்ணெய் பட்டு யோசப்பின் சட்டைகள்தான் வருத்தமாகக் கிடக்கின்றன. மச்சாள் சேலையை முடிவு செய்துவிட்டாவா?

சனத்தின் கோபம் பெரிதுதான், அண்ணை. கடையில் தோடம்பழச் சாற்றுப் பெட்டியைத் தூக்கி எங்கே செய்தது என்று பார்க்கிறார்கள். உங்கள் நாட்டின் பெயரைக் கண்டால் கை சுட்டது மாதிரித் திருப்பி வைக்கிறார்கள். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்கிற பிலிப்பைன்ஸ்காரி புளோரிடாப் பயணத்தை நிறுத்திவிட்டாள். ஹொக்கி விளையாட்டில் உங்கள் தேசிய கீதத்துக்குக் கூக்குரல் போட்டார்களாம். "பாட்டு என்ன பாவம் செய்தது?" என்று யோசப் கேட்கிறார்.

தமிழ் வானொலியிலும் இதே கதைதான். "எங்கடை சனத்துக்கு மேலை குண்டு விழேக்கை உலகம் பாத்துக்கொண்டு நிண்டது. இப்ப நாங்களும் பாத்துக்கொண்டு நிக்கிறதோ?" என்று ஒருவர் கேட்டார். அடுத்தவர் எடுத்து, தன் மூன்று பிள்ளைகளும் அமெரிக்காவில்தான் படித்தவர்கள் என்றார். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை.

போன கிழமை கருத்துக் கணிப்பு என்று ஒரு பிள்ளை போன் எடுத்தது, தமிழிலேயே. "அயல்நாட்டைப் பற்றி உங்கடை அபிப்பிராயம் என்ன அன்ரி? மிக நல்லது, ஓரளவு நல்லது, ஓரளவு கூடாது, மிகக் கூடாது. ஒண்டைச் சொல்லுங்கோ."

"அங்கை என்ரை தமையன் இருக்கிறார் பிள்ளை. அவர் மிக நல்லவர். அவற்றை அரசாங்கம் மிகக் கூடாது. எதிலை போடுவீர்?"

"ரெண்டையும் போட இடமில்லை அன்ரி."

"அப்ப கேள்வியிலைதான் பிழை."

அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு, கருத்தில்லை என்று போட்டுக்கொண்டது. பிறகு பத்திரிகையில் முடிவு வந்தது. பெரும்பான்மைக்கு உங்களைப் பிடிக்கவில்லை. கருத்தில்லாதவர்கள் கொஞ்சப் பேர், அதில் நானும் ஒருத்தி. எனக்கோ கருத்தில்லை!

கலியாண விஷயம். ஜூன் மாதம் பாலத்தில் வாகனங்கள் மணிக்கணக்காக நிற்குமாம். மச்சாளின் முழங்காலுக்கு அவ்வளவு நேரம் காருக்குள் இருப்பது சரிவராது. இப்போது கலியாணங்களை வீடியோவில் நேரே காட்டுகிறார்கள், மிகவும் தெளிவாகத் தெரியும். கையெழுத்தை வேண்டுமானால் யோசப்பின் தம்பி போடலாம். நீங்கள் வருத்தப்படக் கூடாது.

அன்புடன்
அருள்மலர்

*

ரொச்செஸ்ரர்
மார்ச் 30

தங்கச்சிக்கு,

நாங்கள் இருவரும் நலம். குறிப்பாக, றெபேக்காவின் முழங்கால் மிகவும் நலம். அந்த முழங்காலில் அவளுக்கு இதுவரை ஒரு நோவும் வந்ததில்லை. உன் கடிதத்தை வாசித்துவிட்டுக் குசினிக்குள் இரண்டு தரம் குந்தி எழும்பிக் காட்டினாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறாய். உனக்குப் பொய் எழுத வராது. சின்ன வயதில் சொல்லவும் வந்ததில்லை. அந்தக் கருத்துக் கணிப்புக் கதை வரைக்கும் உன் குரல் கேட்டது, அதற்குப் பிறகு வேறு யாரோ எழுதினது மாதிரி இருந்தது.

சம்பந்தி வீட்டாரா? என்ன சொன்னார்கள்? நான் கோபிக்க மாட்டேன். ஊர் முழுக்க எங்களைப் பற்றி ஒரு அபிப்பிராயம் வைத்திருக்கும்போது அவர்கள் மட்டும் எப்படி இல்லாமல் இருப்பார்கள்? ஆனால் எனக்குத் தெரிய வேண்டும். வாங்கின பேனா மேசையில் கிடக்கிறது.

யோசப் மச்சானுக்கும் நிரோஷினிக்கும் அன்பு.

அண்ணன்

*

டோர்செட் பார்க்
ஏப்ரல் 13

என் அன்பான அண்ணைக்கு,

சுகம் எழுதக் கை வரவில்லை, ஆனாலும் சுகம்தான்.

மார்ச் தொடக்கத்தில் அழைப்பிதழ் மாதிரியைக் காட்டப் பேர்ணடெற் வந்தவ. சாட்சி யார் என்று கேட்டா. உங்கள் பெயரைச் சொன்னேன். மகன் என்ன செய்கிறான் என்று கேட்டா.

"நேவியிலை" என்றேன்.

"இப்ப அங்கை நிக்கிற கப்பலிலையோ?"

"ஓம்."

தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டா.

"அருள்மலர், கோவியாதேங்கோ. என்ரை தம்பி தண்ணி அள்ளப் போனவன். பிளேன் வந்தது. பிறகு வாளியைத்தான் கொண்டுவந்து தந்தவை. அந்தப் பிளேனை ஓட்டினவனுக்கும் ஒரு தேப்பன் இருந்திருப்பான். அவனும் கலியாண வீடுகளுக்குப் போயிருப்பான், முன்னுக்கு இருந்து சாப்பிட்டிருப்பான். முப்பது வருசமா நான் அந்தத் தேப்பனைத்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறன். உங்கடை தமையனை வரவேண்டாம் எண்டு சொல்ல எனக்கு உரிமை இல்லை. வரட்டும், பின்னுக்கு இருக்கட்டும். என்ரை பிள்ளையின்ரை கலியாணத்திலை பீடத்தடிக்கு வந்து கையெழுத்துப் போடக்கூடாது."

மாக்கஸ் நல்ல பிள்ளை என்று மட்டும் சொன்னேன். "நல்ல பிள்ளையாத்தான் இருப்பான்" என்று அவவும் சொன்னா. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சண்டை பிடித்தால் நிரோஷினி போகிற வீடு அது. விட்டுக்கொடுத்தால் உங்களைக் கோயிலில் கடைசி வரிசை வாங்கில் இருத்தி நான் முன்னால் நிற்க வேண்டும். அது என்னால் முடியாது. அதனால்தான் மச்சாளின் முழங்காலில் பழியைப் போட்டேன். நிரோஷினிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. மாமா எப்ப வாறார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மச்சாளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அருள்மலர்

*

ரொச்செஸ்ரர்
ஏப்ரல் 28

தங்கச்சிக்கு,

சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறோம்.

அந்த அம்மா சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. நான் வரவில்லை. பின் வரிசை வாங்கிலும் வேண்டாம். மகனின் கலியாண நாளில் என் முகத்தைக் கண்டு அவ தம்பியை நினைக்கத் தேவையில்லை. நிரோஷினிக்கு முழங்கால் என்றே சொல்லிவிடு. றெபேக்கா சம்மதித்துவிட்டாள்.

மாக்கஸிடமிருந்து கொஞ்ச நாளாக ஒன்றும் வரவில்லை. அந்தப் பக்கம் ஒரு கப்பலில் அடி விழுந்ததாம். எந்தக் கப்பல் என்று செய்தியில் சொல்லவில்லை. அடிக்கடி இப்படி நடப்பதுதான், நீ யோசிக்காதே.

உண்மையை எழுதினதற்கு நன்றி.

அண்ணன்

*

டோர்செட் பார்க்
மே 11

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே சுகம். உங்கள் சுகம் எனக்குத் தெரியவில்லை. போன் எடுத்தால் "சுகம், சுகம்" என்று இரண்டு தரம் சொல்லி வைத்துவிடுகிறீர்கள். ஒருதரம் சொல்கிறவரை நம்பலாம்.

மாக்கஸுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுத்திருக்கிறேன், வருகிற ஞாயிறு காலை. பங்கு அலுவலகத்தில் நிலாணிக்குப் போன் எடுத்துப் பெயரை மட்டும் சொன்னேன். என்ன கருத்துக்காகப் பூசை என்று கேட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயம். நல்லகாலம், அவளுக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. அமெரிக்க நேவியில் இருக்கிறவனுக்காக என்று அந்தக் கோயிலில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அண்ணை. பேர்ணடெற் பாடகர் குழுவில் நிற்பா. ஆண்டவருக்கு ஆள் யார் என்று தெரியும்தானே.

ஞாயிறு எனக்கு வேலை, பூசைக்குப் போக முடியாது. வேலையில் நின்று செபிக்கிறேன். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது சும்மா இல்லை. உங்கள் கடிதம் வந்ததில் இருந்து ஒரு நித்திரை இல்லை.

அருள்மலர்

*

ரொச்செஸ்ரர்
மே 19

தங்கச்சி,

முதலில் செய்தி. மாக்கஸ் சுகம். அடிபட்டது வேறு கப்பல். சனிக்கிழமை அவன் குரலைக் கேட்டோம். றெபேக்கா போனை எனக்குத் தரவேயில்லை. பக்கத்தில் நின்று கேட்டதே எனக்குப் போதும். ஆண்டவருக்குக் கோடி நன்றி. உங்களுக்கு உடனே சொல்லாமல் விட்டது என் பிழை. ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்து அழுததில் நேரம் போய்விட்டது.

அடுத்த நாள் நீ போன் எடுத்தாய். "மாக்கஸ் எங்கை? மாக்கஸ் எங்கை?" என்று கத்தினாய். "நேற்றுத்தான் கதைச்சவன், சுகமா இருக்கிறான்" என்றதும் ஒரு பத்துப் பேர் ஒன்றாகக் குளறி அழுகிற சத்தம் கேட்டது. பிறகு யாரோ சிரித்தார்கள். நீ, "கடிதத்திலை எழுதுறன் அண்ணை" என்று சொல்லி வைத்துவிட்டாய். உன் வீட்டில் என்ன நடந்தது? நான் இங்கே தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லோரும் சுகம்தானே?

அண்ணன்

*

டோர்செட் பார்க்
மே 29

என் உயிரான அண்ணைக்கும் மச்சாளுக்கும்,

சுகமோ என்று கேட்கிறீர்கள். இதைவிடச் சுகமாக நான் இருந்ததில்லை. நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

அந்த ஞாயிறு வேலை முடிந்து மத்தியானம் வந்து லிப்டை விட்டு இறங்கினால், எங்கள் வாசலில் நிறையச் சப்பாத்துகளும் செருப்புகளும். நடைபாதை நெடுகப் பங்குச் சனம், சுவரில் சாய்ந்து நிலத்தில் இருக்கிறது. மடியில் மடியில் மூடின சட்டிகள். எதிர்வீட்டுக் குஜராத்திக் கிழவர் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நிற்கிறார். யோசப்புக்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் அன்று பூசைக்கும் போகாமல் சாமான் வாங்கப் போனவர், இன்னும் வரவில்லை.

பேர்ணடெற் எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தா. "மாக்கஸ்! ஐயோ, எங்கடை மாக்கஸ்! ஏன் எங்களுக்கு ஒரு சொல் சொல்லேல்லை? நான் சொன்ன கதைக்குப் பயந்தோ சொல்லாமல் விட்டனீங்கள்?"

நீங்கள் "சுகம், சுகம்" என்று சொல்லி வைத்ததெல்லாம் இதை மறைக்கத்தான் என்று விளங்கியது. அவன் போய்விட்டான், எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். கதவைத் திறக்கவில்லை, நடைபாதையிலேயே இருந்து போன் எடுத்தேன். மிச்சம் நீங்கள் கேட்டதுதான்.

பிழை எங்கே நடந்தது தெரியுமா? எங்கள் பங்கில் உயிரோடு இருக்கிறவருக்குப் பூசை கொடுக்கிறவர்கள் கதை கதையாகச் சொல்லித்தான் கொடுப்பார்கள். பிள்ளை சோதனை பாஸ், வீடு வாங்கினது, விசா கிடைத்தது. பெயரை மட்டும் சொல்லி விட்டால் அது மரித்தவருக்குத்தான். நிலாணி பாவம், வழமைப்படி மரித்த விசுவாசிகளோடு சேர்த்துவிட்டாள். பாதர் அப்படியே, ஒப்புக்கொடுத்தது நான் என்றும் சேர்த்து வாசித்திருக்கிறார். நான் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டதன் பலன்.

கோயிலை விட்டு இறங்கினதும் எல்லோரும் வீட்டுக்கு ஓடிச் சமைத்திருக்கிறார்கள். செத்தவீட்டில் அடுப்பு எரியக்கூடாதே! அமெரிக்கச் சாமான் ஒன்றும் வாங்கக்கூடாது என்று பங்கு வட்சப்பில் கிழமைக்கு மூன்று தரம் எழுதுகிறவர் இருக்கிறார், அவரும் பருப்புக் கறியோடு வந்திருந்தார். நீங்கள் கேட்டீர்களே, சனம் எங்களைப் பற்றி என்ன சொல்கிறது என்று. அன்று அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நடைபாதையில் இருந்து அழுதார்கள்.

உயிரோடு இருக்கிறான் என்றதும் ஒருதரம் எல்லோரும் குளறினார்கள். பிறகு பேர்ணடெற் கண்ணைத் துடைத்துவிட்டு, "பேரை மட்டும் சொன்னா மனுசர் என்னெண்டு நினைக்கிறது?" என்று என்னை ஏசத் தொடங்கினா. அதற்குத்தான் யாரோ சிரித்தது. எல்லோரையும் உள்ளே கூப்பிட்டுச் செத்தவீட்டுச் சாப்பாட்டைக் கொண்டாட்டமாகச் சாப்பிட்டோம். யோசப் வந்து பார்த்துவிட்டு, யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார்.

பேர்ணடெற் மட்டும் சாப்பிடவில்லை. பல்கனிக்குப் போய் நெடுநேரம் தனியே நின்றா. பிறகு சட்டியை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டா. நேற்று வந்து உங்கள் முகவரியை வாங்கிக்கொண்டு போனா. எதற்கென்று சொல்லவில்லை, கேட்க எனக்கும் தைரியமில்லை.

அவ என்ன எழுதினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கத்தரிக்காய்க் கறி அவ சமைத்தது.

அருள்மலர்

*

ஸ்ரௌவ்வில்
மே 31

மதிப்புக்குரிய யேசுரட்ணம் அண்ணைக்கு,

நீங்களும் உங்கள் மனைவியும் தேக சுகத்தோடு இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். நான் சுகம். உங்களை எனக்கு முகம் தெரியாது. நிரோஷினியின் மாமியாராகப் போகிறவள் எழுதுகிறேன்.

உங்கள் நாடு செய்கிறதைப் பற்றி என் எண்ணம் மாறவில்லை, மாறவும் மாட்டாது. பிறகு மனுசி இளகிவிட்டா என்று யாரும் சொல்லக்கூடாது. அதனால் இதை முதலில் எழுதுகிறேன்.

பூசையில் உங்கள் மகனின் பெயரை வாசித்தபோது என் கையில் பாட்டுப் புத்தகம் இருந்தது. அடுத்த பாட்டை நான் பாடவில்லை. "ஆண்டவரே, நான் இதைக் கேட்கவில்லையே" என்றுதான் முதலில் வந்தது. என் கோபம்தான் போய் அந்தப் பிள்ளையைப் பிடித்ததோ என்று பயந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கத்தரிக்காய் வெட்டும்போதும் அழுதேன். என் தம்பிக்குப் பிறகு நான் அப்படி அழுததில்லை.

உயிரோடு இருக்கிறான் என்று கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை. பல்கனியில் நின்று அதோடு சண்டை பிடித்தேன். அது போகவில்லை. இந்த இரண்டு கிழமையும் பார்த்துவிட்டேன், இன்னும் அப்படியே இருக்கிறது.

முப்பது வருடமாக முகம் தெரியாத ஒரு தகப்பனோடு கோபமாக இருந்தேன். நீங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் வந்தீர்கள், அதை உங்கள் தலையில் போட்டேன். அது நியாயமில்லை. ஒரு பிள்ளைக்குச் செத்தவீட்டுச் சோறு சமைத்துவிட்டு அவன் தகப்பனைப் பின் வரிசை வாங்கில் இருத்த என்னால் முடியாது. நீங்கள் முன்னுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். காரை எங்கள் வீட்டு வாசலில், தெரு முழுக்க இலக்கத்தகட்டைக் காணும்படி விடுங்கள். யாரும் ஏதும் கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் மனைவிக்கு முழங்கால் வருத்தம் என்று நிரோஷினி சொன்னாள். நல்ல தைலம் ஒன்று வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு
பேர்ணடெற்

*

ரொச்செஸ்ரர்
ஜூலை 7

என் அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாக வீடு வந்து சேர்ந்தோம். றெபேக்காவின் முழங்கால் தைல வாசத்தோடு நலமாக இருக்கிறது. சம்பந்தியம்மா தானே நின்று தேய்த்துவிட்டா, இல்லாத நோவுக்கு "இப்ப எப்பிடி?" என்று கேட்க, "நல்லாக் குறைஞ்சிட்டுது" என்று இவள் சொன்னாள். அந்த உண்மையை இனி யாரும் அவவுக்குச் சொல்ல வேண்டாம்.

நிரோஷினி பீடத்தடியில் பேனாவை என் கையில் தந்தபோது எனக்குக் கண் மறைத்துவிட்டது. கையெழுத்துக் கோணல்மாணலாகத்தான் விழுந்தது. காரில் ஒரு கீறலும் இல்லை. யோசப் மச்சானிடமும் சொல். இந்த நன்றியை எழுதி முடிக்க எனக்குத் தெரியவில்லை, அதனால் எழுதாமல் விடுகிறேன்.

ஒன்றை மட்டும் எழுத வேண்டும். விருந்தில் நீ மேசைக்கு மேசை ஓடித்திரிந்தாய், கண்டிருக்க மாட்டாய். மாப்பிள்ளை பக்கத்து ஆள் ஒருவர் என் மேசைக்கு வந்து, "அண்ணை, உங்கடை நாடு செய்யிறது சரியோ?" என்று கொஞ்சம் சத்தமாகக் கேட்டார். நான் வாய் திறக்க முதல் பேர்ணடெற் வந்துவிட்டா.

"சரியில்லை" என்றா. "அதை அவரிட்டை ஏன் கேக்கிறியள்? அவர் இண்டைக்குச் சாட்சி. சாப்பிட விடுங்கோ."

அவர் போய்விட்டார். அவ பக்கத்துக் கதிரையில் இருந்து, என் சாப்பாட்டுக் கோப்பையில் தானே சோற்றைப் போட்டா, மீனைப் போட்டா. பிறகு என்னைப் பாராமல் சொன்னா:

"சண்டை முடிஞ்சாப் பிறகு உங்கடை மகனை என்னட்டைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவனோடை எனக்குக் கதைக்க நிறைய இருக்கு. நல்லா ஏசவும் இருக்கு. அவ்வளவையும் கேக்கிறதுக்கு அவன் உயிரோடை இருக்கோணும், விளங்குதோ? சொல்லுங்கோ அவனிட்டை."

தலையை ஆட்டினேன். என் பிள்ளைக்காக எத்தனையோ பேர் செபித்திருக்கிறார்கள், றெபேக்கா முழங்காலில் நின்று அழுதிருக்கிறாள். ஆனால் அவன் திரும்பி வந்தே ஆகவேண்டும் என்று இப்படிக் கட்டளை போட்டவர் யாருமில்லை.

வீடு வந்ததும் இதை ஒரு சொல் விடாமல் மாக்கஸுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு, அந்த மாமி பயங்கரமான ஆளா என்று இங்கிலீஷில் கேட்டிருந்தான். ஓம் என்று எழுதினேன்.

இன்று காலை ஒரு சொல் வந்திருக்கிறது. அவன் எனக்குத் தமிழில் எழுதினது இதுதான் முதல் தடவை.

"வாறன்."

என்றும் உங்கள் எல்லோருக்கும் நன்றியுள்ள
அண்ணன்
யேசுரட்ணம்